குடிலுக்குள் கட்டிய வெள்ளை

போன மாதம் தர்சினி என்ற பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். நான் முன்பு வேலை செய்த யூதப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இப்போது அவள் வேலை செய்கிறாள்.

“அன்ரி, மேல் அலுமாரியைத் துப்பரவாக்கச் சொன்னவை. ஒரு பைக்குள்ளை நீட்டு வெள்ளைத் துணி ஒண்டு கிடக்கு. மஞ்சளடிச்சுப் போச்சு. எறியட்டோ?”

“பையிலை ஒரு அட்டை குத்திக் கிடக்கோ?”

“ஓம் அன்ரி. மை மங்கிப்போய்க் கிடக்கு. வாசிக்கட்டோ?”

“வேண்டாம் பிள்ளை. அதிலை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும். எறியாதை.”

“ஏன்?”

அந்த ஏனுக்குப் போனில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் கூச்சக்காரி. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன், போனில் அதைவிட மோசம். எங்கள் முதியோர் சங்கத்துச் செயலாளர் தம்பி, சங்கத்து ஆண்டு மலருக்கு எல்லோரும் தங்கள் வேலை அனுபவத்தை எழுதித் தர வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்ன எழுதுவது என்று தட்டிக் கழித்துவந்தேன். “கதைக்கிற மாதிரி எழுதுங்கோ அம்மா, பிழை கிடந்தால் நான் பாக்கிறன்” என்றார். தர்சினிக்குச் சொல்ல வேண்டியதை இதிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் லண்டனுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். கணவர் இல்லை. நாட்டுப் பிரச்சினையில் போய்விட்டார். எட்டு வயது மகள் மாலினியைக் கொழும்பில் அவருடைய தங்கையிடம் விட்டுவிட்டு வந்தேன். ஆர்ச்வேயில் மங்கை அக்கா வீட்டு மேல்மாடியில் ஒரு சின்ன அறை கிடைத்தது. ஒரு கட்டில் போட்டால் மற்றப் பக்கம் சுவர். மங்கை அக்கா யாழ்ப்பாணத்தில் வசதியான வீட்டுப் பெண். இங்கே வந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தா. என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவதான்.

வந்த முதல் கிழமையே கேட்டா. “நீர் எந்த ஊர் எண்டனீர்?”

சொன்னேன்.

“அங்கை எந்தப் பக்கம்? ஆரின்ரை ஆக்கள்?”

“றோட்டுக் கரையிலை அக்கா” என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனேன். அதற்குப் பிறகு அவ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் ஐயா ஊருக்குக் கட்டாடி. துணி வெளுப்பது, மினுக்குவது, கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் தலைக்கு மேலே வெள்ளைத் துணி கட்டுவது எங்கள் குடும்பத்து வேலை. அது தெரிந்தால் அந்த வீட்டுக் குசினியில் எனக்கு இடம் இருக்குமோ, மேல்மாடி அறைதான் இருக்குமோ என்று எனக்குப் பயம். ஒவ்வொரு பின்னேரமும் அக்கா தேத்தண்ணி போட்டு என் கையில் தருவா. அந்தக் கோப்பையை வாங்கும்போதெல்லாம் மனம் ஒருக்கால் அடிக்கும்.

சமையலறை வேலை பழக ஒரு வருடம் போனது. யூத ஆட்களின் சாப்பாட்டில் இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. சிவப்புப் பிடி போட்டதெல்லாம் இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு, பச்சை இரண்டும் இல்லாததற்கு. கழுவும் தொட்டி இரண்டு, துடைக்கும் துணி இரண்டு, அலுமாரி இரண்டு. எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது என்பது அங்கே ஒரு குறையாகத் தெரியவில்லை. நிறம் தெரிந்தால் போதும். முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் உடைத்து, இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் சட்டிக்குள் விட வேண்டும். கீரையை இலை இலையாக வெளிச்சத்துக்குப் பிடித்துப் பூச்சி பார்க்க வேண்டும். பருப்பை வெள்ளைத் தட்டில் பரப்பித் தெரிந்தெடுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்கி வளர்ந்தவளுக்கு அது ஒரு வேலையா? மற்றவர்கள் ஒரு தட்டு முடிப்பதற்குள் நான் நாலு தட்டு முடித்துவிடுவேன்.

இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஒருவர் இருந்தார். மிஸ்டர் கெல்னர். அறுபது வயது இருக்கும். கட்டையான மனிதர், சாம்பல் நிறக் கோட்டு, காதில் பென்சில், சட்டைப் பையில் சின்னக் கொப்பி. காலையில் அவர் வந்து நெருப்புக்குச்சி கிழித்து அடுப்பை மூட்டினால்தான் சமையல் தொடங்கும். நாங்கள் யாரும் மூட்டக் கூடாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சிரித்தும் பார்த்ததில்லை. பாத்திரம் கழுவுகிற என்னையும் தலைமை ஆசிரியரையும் ஒரே மாதிரித்தான் கூப்பிடுவார். நான் மிசிஸ் இராசம்மா. ஒரு எழுத்துக் குறைக்க மாட்டார். முதல் நாளே எனக்கு ஒரு சட்டம் சொன்னார். மங்கை அக்காதான் தமிழில் சொன்னா: “வெளியாலை இருந்து ஒண்டும் கொண்டு வரக் கூடாதாம். ஒரு ஊசி எண்டாலும் தன்னட்டைக் கேக்க வேணுமாம். கேளாமல் கொண்டு வந்தவை ஒருத்தரும் இப்ப இங்கை இல்லையாம்.”

இரண்டாம் மாதம் ஒரு பிழை விட்டேன். கொதிக்கிற கோழி சூப்புக்குள் நீலக் கரண்டியை விட்டுவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. கரண்டியை எடுத்துக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் மூன்று கேள்வி கேட்டார். எந்தச் சட்டி? சூப் சூடாக இருந்ததா? கரண்டி கடைசியாக எப்போது பாலுக்குள் போனது? கொப்பியில் எழுதினார். தன்னிலும் பெரிய ஒருவருக்குப் போன் பண்ணிக் கேட்டார். சூப்பைப் பாவிக்கலாம், கரண்டியைத் தன்னிடம் தர வேண்டும் என்றார். முடிந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. திட்டு வாங்கக் காத்திருந்த எனக்கு அது புதினமாக இருந்தது. கரண்டிக்கு ஏன் என்ற கேள்வி இல்லை என்று மங்கை அக்கா விளங்கப்படுத்தினா. என்ன நடந்தது என்பதுதான் கணக்கு.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

அது நான் வந்து மூன்றாம் வருடம். மாலினியைக் கூப்பிடக் கடதாசி வேலை நடந்துகொண்டிருந்தது. பிள்ளை வந்தால் இருக்க இடம் உண்டு என்று வீட்டுக்காரர் கையெழுத்து வைத்த கடிதம் ஒன்று கேட்டிருந்தார்கள். மங்கை அக்கா ஓம் என்று சொல்லியிருந்தா. “விழா லீவு முடியட்டும், ஆறுதலாய் இருந்து எழுதித் தாறன்” என்றா. என் சின்ன அறையை நடுவில் மறைத்து, பிள்ளைக்கு ஒரு பக்கம் விடலாம் என்று நினைத்து, டூட்டிங்கில் ஒரு கடையில் நீட்டு வெள்ளைத் துணி வாங்கி வைத்திருந்தேன். பிரிக்காத புதுத் துணி.

இலையுதிர் காலத்தில் யூத ஆட்களுக்கு ஒரு விழா வரும். ஏழெட்டு நாள் வெளியில் குடில் போட்டு அதற்குள் இருந்து சாப்பிடுவார்கள். சுக்கா என்பார்கள். சுவர் எதிலும் கட்டலாம். கூரை மட்டும் வெட்டின கொப்பும் இலையுமாக இருக்க வேண்டும், அதற்கூடாக வானம் தெரிய வேண்டும். முதல் இரண்டு நாளும் பள்ளிக்கூடம் பூட்டு. நடு நாட்களில் ஒரு நாள் மட்டும் திறந்து, குடிலுக்குள் மத்தியானச் சாப்பாடு கொடுப்பார்கள்.

அந்த வருடம் மேல் வகுப்புப் பிள்ளைகள் குடிலைத் தங்கள் புரொஜெக்டாக எடுத்திருந்தார்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள். மாலினியின் வயது. அளந்து, படம் கீறி, தச்சு வேலைக்காரரோடு நின்று தாங்களே மரச்சட்டம் அடித்தார்கள். அதோடு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் விசாரித்து, தன் மூத்தவர் ஒருவரின் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில் மூன்றையும் மட்டையில் வெட்டின ஒரு இலையில் எழுதி வர வேண்டும். அந்த இலைகளைக் குடிலுக்குள் தொங்கவிடுவார்கள். வயோதிபர் இல்லத்திலிருந்து முப்பது பேரை பஸ்ஸில் கூட்டிவந்து அதற்குக் கீழே இருத்திச் சாப்பாடு கொடுப்பார்கள். வகுப்பு ஆசிரியை மிஸ் ரூத் சின்னப் பெட்டை. பிள்ளைகளை விட அவதான் கூடத் துள்ளிக்கொண்டு நின்றா.

விழாவுக்கு முதல் கிழமை கூரைக்குக் கொப்புப் போட்டபோது நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மங்கை அக்கா மிஸ் ரூத்திடம் சொன்னா: “இந்த இலையெல்லாம் சூப்புக்குள்ளைதான் விழப்போகுது. கீழை எதாவது கட்டினால் நல்லது.” எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்டர் கெல்னர் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நாள் காலை எட்டு மணிக்கே நான் போய்விட்டேன். குடிலுக்குள் நீட்டு மேசை போட்டுக் கதிரை வைத்திருந்தார்கள். வெறுமையாகக் கிடந்த அந்த முப்பது கதிரையையும் பார்த்தபோது, பெரியவர்கள் வந்து இருக்கப்போகிற இடம், மேலே ஒன்றும் இல்லையே என்று மனதில் பட்டது. அவ்வளவுதான். வேறொன்றும் நினைக்கவில்லை. முதல் நாள் மாலை தைப்பதற்காகப் பைக்குள் வைத்த துணி என்னோடு இருந்தது. மிஸ் ரூத் அங்கே நின்றா. துணியைக் காட்டி, மேலே கை காட்டினேன். அவ சந்தோசமாகத் தலையாட்டினா.

கதிரையில் ஏறி, மேசைக்கு நேர் மேலே, தலைமாட்டுச் சட்டத்திலிருந்து கால்மாட்டுச் சட்டம் வரை இழுத்துக் கட்டினேன். தொய்யாமல் இழுப்பதில்தான் வேலை இருக்கிறது. முடிச்சைச் சட்டத்துக்கு உள்ளால் எடுத்தால் வெளியே தெரியாது. ஊரில் ஐயா ஒரு முனையில் நிற்பார், நான் மற்ற முனை பிடிப்பேன். இருபது வருடத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளையைக் கண்டதும் அவர்களுக்குப் பெரிய புளுகமும் சந்தோசமும். மட்டை இலைகளை அதிலேயே ஊசியால் குத்தித் தொங்கவிட்டார்கள். நயோமி என்ற பிள்ளை என்னைக் கையைப் பிடித்து இழுத்து, தன் இலையைக் காட்டி வாசித்தாள். அவளுடைய பாட்டனாரின் தகப்பன், கிழக்கு லண்டனில், உடுப்பு மினுக்குகிறவர். எனக்கு இங்கிலிஷ் விளங்கவில்லை என்று நினைத்து, இஸ்திரிக்கைப் பெட்டி பிடிப்பதுபோலக் கையை முன்னும் பின்னும் தேய்த்துக் காட்டினாள். சத்தமாகச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

அப்போது மங்கை அக்கா வந்தா. மேலே பார்த்துவிட்டு, “அட, கலியாண வீடு மாதிரிக் கிடக்கு! கட்டாடியை எங்கை பிடிச்சனியள்?” என்று சிரித்தா. நானும் சிரித்துவிட்டு சமையலறைக்குள் போய்விட்டேன். 

பதினொன்றரைக்கு பஸ் வந்தது. தடியோடும் தள்ளுவண்டியோடும் அந்த வயதான ஆட்கள் இறங்கினார்கள். சூப் சட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அடுப்படி வேலை முடித்துக்கொண்டு மிஸ்டர் கெல்னர் அப்போதுதான் குடிலுக்குள் வந்தார். வாசலில் நின்று மேலே பார்த்தார். கையை உயர்த்தினார். எல்லாம் நின்றது.

“இதை யார் கட்டியது?”

“நான்தான் கட்ட விட்டேன்” என்றா மிஸ் ரூத்.

“நான் கேட்டது அதுவல்ல.”

நான் வகுப்பில் பிள்ளைகள் கை உயர்த்துவதுபோல் உயர்த்தினேன்.

அவர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். கதிரையில் ஏறினார். துணிக்கும் கொப்புக்கும் நடுவில் கையைப் பொத்தி, ஒரு கைக்கு மேல் மற்றக் கையை வைத்து அளந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதுக்கு இடமில்லை. “இது நல்லது” என்று இறங்கினார். பிறகு மிஸ் ரூத்துக்கு விளங்கப்படுத்தினார். மங்கை அக்கா என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு நின்றா.

“இலை விழாமல் தடுக்கக் கட்டின துணி எண்டால் இது குடில் இல்லையாம். அப்ப கூரை அந்தத் துணிதானாம், கொப்பு இல்லையாம். கீழை இருந்து சாப்பிட ஏலாதாம். வடிவுக்குக் கட்டினதெண்டால், கூரைக்கு நாலு கைப்பிடிக்குள்ளை கிட்ட இருக்கிற படியால், அது குடிலோடை சேர்ந்ததாம். பிழை இல்லையாம்.” பிறகு, “கட்டின ஆளின்ரை மனசிலை என்ன இருந்ததோ அதுதானாம் கணக்கு” என்றா.

மட்டை இலைகளைக் கழற்றாமல் துணியைக் கழற்ற முடியாது. பிள்ளைகள் ஒரு தவணை முழுக்க வீட்டில் கேட்டு எழுதினது அவ்வளவும் அதில்தான் தொங்கியது. நயோமி கண்ணை இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிஸ் ரூத் மெல்ல என் பக்கம் குனிந்து, வடிவுக்கு என்று சொல்லுங்கள் என்பதுபோல் ஒரு சொல் சொன்னா. அது எனக்குத் தெரிந்த சொல்.

“மிஸ் ரூத், தயவுசெய்து” என்றார் மிஸ்டர் கெல்னர். “போன கிழமை இலையைப் பற்றி இங்கே கதைத்தது எனக்குக் கேட்டது. இனி அவர் தானாகச் சொல்ல வேண்டும். மிசிஸ் மங்கை, அவர் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

வாசலில் தடி ஊன்றி நின்ற ஒரு கிழவர் ஏதோ சொன்னார். மற்ற வயதானவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். எண்பது வருடத்தில் மழையில் நனைந்த குடில் கண்டிருக்கிறேன், காற்றில் பறந்த குடில் கண்டிருக்கிறேன், வழக்கு முடியும்வரை சூப் தராத குடில் இன்றைக்குத்தான் காண்கிறேன் என்றாராம்.

மிஸ்டர் கெல்னர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். “மிசிஸ் இராசம்மா, ஏன் கட்டினீர்கள்?”

மூன்று வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் ஏன்.

“பெரிய ஆக்கள் வந்து இருக்கினம். அவையின்ரை மரியாதைக்கு” என்றேன்.

அக்கா சொன்னா.

“மரியாதை என்றால்? இது அவருக்கு இன்றைக்குத் தோன்றியதா, அல்லது அவர்களின் வழக்கமா? அவருக்கு எப்படித் தெரியும்?”

ஊரில் எல்லோரும் கட்டுவார்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மங்கை அக்காவும் அதைத்தான் எதிர்பார்த்தா, வாயைத் திறந்துகூட விட்டா. ஆனால் அவர் கேட்டது எனக்கு எப்படித் தெரியும் என்று. நான் மேலே பார்த்தேன். நயோமியின் இலை எனக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. உடுப்பு மினுக்குகிறவர். அந்தப் பிள்ளை அதைச் சத்தமாகச் சொன்னதே.

“எங்கடை ஐயா கட்டாடி” என்றேன். சத்தம் வெளியே வரவில்லை. இன்னொருக்கால் சொன்னேன். “எங்கடை ஐயா ஊருக்குக் கட்டாடி. கலியாண வீட்டிலை, செத்த வீட்டிலை வெள்ளை கட்டுறது அவர்தான். நான் மற்ற முனை பிடிக்கிறனான். இலையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.”

மங்கை அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. அவவின் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. என்னை முதல் தரம் பார்ப்பதுபோல் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் சின்ன அறையும் போனது, மாலினியின் கடிதமும் போனது என்றுதான் நினைத்தேன்.

பிறகு அக்கா இங்கிலிஷில் சொன்னா. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. துணி வெளுக்கிறவர் என்ற சொல் எனக்கு விளங்கியது.

மிஸ்டர் கெல்னர் தலையை ஆட்டினார். மேசையின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். அங்கேதான் சூப் வைக்கிற சின்ன மேசை. அதற்கு மேலே துணி இல்லை. “இலை விழாமல் கட்டுகிறவர் சூப்புக்கு மேலே அல்லவா கட்டியிருப்பார்” என்றார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி. “தகப்பனாரின் பெயர்?”

“பொன்னன்.”

அவர் அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். விழா நாட்களில் அவர் பேனை தொடுவதில்லை, கொப்பியும் இல்லை. அதனால் மனதில் வைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. கோட்டை எடுத்துப் போட்டார்.

“மிசிஸ் இராசம்மா, என்னிடம் கேளாமல் கொண்டுவந்தது பிழை. அதை விழா முடிந்து கதைப்போம். கட்டினது பிழை இல்லை. சூப்பைக் கொண்டு வாருங்கள்.”

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கொப்பிலிருந்து இலை கொட்டியது. சூப்புக்குள்ளும் விழுந்தது. தடி ஊன்றிய கிழவர் தன் கோப்பையிலிருந்து ஒன்றை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். நான் அன்றைக்கு ஒரு வாயும் சாப்பிடவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில்தான் இருந்தா. ஆனால் ஆர்ச்வே வரை ஒரு கதையும் இல்லை. வீட்டுக்குப் போனதும் நேரே அறைக்குள் போய்விட்டா. அன்றைக்குத் தேத்தண்ணி வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. நான் குசினிக்குள் போகாமல் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். ஹவுன்ஸ்லோவில் தெரிந்த ஒரு பிள்ளையிடம் வேறு அறை இருக்கிறதா என்று கேட்டு வைத்தேன். கடிதத்தைப் பற்றி அவவிடம் வாய் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா என் அறைக் கதவில் தட்டினா. குளித்து, தலை விரித்தபடி நின்றா.

“அந்த வெள்ளை எங்கை?”

சாப்பாடு முடிந்த அன்றைக்கே துணியைக் கழற்றிக் கொண்டுவந்து தோய்த்து மினுக்கி வைத்திருந்தேன். காட்டினேன்.

“இண்டைக்கு அப்பான்ரை திதி” என்றா. கட்டிலின் ஓரத்தில் இருந்துவிட்டா. “நான் இங்கை வந்தாப்போலைதான் அவர் செத்தவர். ஊரடங்கு. றோட்டெல்லாம் ஆமி. கட்டாடிக்கு ஆள் அனுப்ப வழியில்லை. மேலை ஒண்டும் கட்டாமல் அவரை எடுத்ததெண்டு தம்பி கடிதம் எழுதினவன். வேறை என்னென்னவோ எல்லாம் எழுதியிருந்தான். எனக்கு மனசிலை நிண்டது அது ஒண்டுதான்.” முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தா. “நீர் எனக்குச் சொல்லாமல் விட்டது கோபம்தான். பொய் சொல்ல மாட்டன், மற்றதும் மனசிலை கிடந்தது. அப்பிடி வளர்ந்திட்டம். மூண்டு நாள் நித்திரை இல்லை. அப்பான்ரை படத்துக்கு மேலை அதைக் கட்டி விடுவீரோ?”

நான் துணியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். முன்னறையில் அவவின் அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றியிருந்தது. கதிரையில் ஏறி ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினேன். ஊரில் என்றால் வீட்டுக்காரர் தள்ளி நிற்பார்கள். எனக்கு அதுதான் பழக்கம். எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது.

“தனியக் கட்ட ஏலாது அக்கா. மற்ற முனையை நீங்கள் பிடியுங்கோ.”

அவ என்னைப் பார்த்தா, துணியைப் பார்த்தா. பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினா.

“இப்பிடியோ?”

“இல்லை அக்கா, உள்ளாலை எடுங்கோ. இழுத்துப் பிடியுங்கோ.”

“பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்!”

அவ கட்டிய முடிச்சு அவிழ்ந்து துணி எங்கள் இரண்டு பேரின் தலையிலும் விழுந்தது. வெள்ளைக்குள் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அழுதோம். இரண்டாம் தரம் முடிச்சு நின்றது.

படையல் முடிந்ததும் அக்கா தேத்தண்ணி போட்டா. என் கோப்பையை என் கையில் தந்தா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை எழுதிக் கையெழுத்து வைத்தா.

“மேலை அந்தச் சின்ன அறை காணாது. இந்த முன்னறையை எடும். பிள்ளை படிக்கிறதுக்கு வெளிச்சம் வேணும்.”

எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். முருகன் கோயிலில் சொந்தக்காரரைக் கண்டால் அக்கா என்னை, “எங்கடை வீட்டிலை இருக்கிற பிள்ளை” என்று மட்டும் சொல்லுவா. ஊர் சொல்ல மாட்டா. நானும் சொன்னதில்லை. இதோ இந்தக் கட்டுரையில்தான் முதல் தரம் எழுதுகிறேன்.

மிஸ்டர் கெல்னர் சொன்னபடியே என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார். இனிமேல் கேட்டுக் கொண்டுவர வேண்டும், அத்தோடு அந்தத் துணி இனிப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்றார். அறையை மறைக்க எனக்குத் துணி தேவைப்படவில்லை, கொடுத்துவிட்டேன். அவர் அதை ஒரு பைக்குள் போட்டு, ஒரு அட்டையில் எழுதிக் குத்தி மேல் அலுமாரியில் வைத்தார். வேறு வேலைக்குப் பாவிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் ஓய்வு எடுக்கும்வரை ஒவ்வொரு வருடமும் நான்தான் கட்டினேன். இடையில் அவரும் ஓய்வு எடுத்துப் போய்விட்டார்.

மாலினி வந்தது அடுத்த வருடம் கோடை முடிவில். விழாவுக்குத் துணியை எடுக்கப் போன அன்று அவளுடைய பள்ளிக்கு விடுமுறை என்று அவளும் என்னோடு வந்தாள். அப்போதே இங்கிலிஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். பையைக் கையில் வாங்கி அட்டையை வாசித்தாள்.

“வெள்ளைத் துணி. குடிலின் அழகுக்கும் விருந்தினரின் மரியாதைக்கும் மட்டும். கட்டியவர் மிசிஸ் இராசம்மா, மிஸ்டர் பொன்னனின் மகள். இந்த வேலையை அவர் தகப்பனிடம் கற்றவர்.”

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். “அம்மா, அம்மப்பாவை மிஸ்டர் எண்டு எழுதிக் கிடக்கு.”

எங்கள் ஊரில் ஐயாவை ஐந்து வயதுப் பிள்ளையும் “டேய் பொன்னா” என்றுதான் கூப்பிடும். அவரும் “ஓம் தம்பி” என்று தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் பெயர் எழுத்தில் இருக்கிற இடம் எனக்குத் தெரிந்து அந்த அட்டை ஒன்றுதான்.

தர்சினி, துணி மஞ்சளடித்தால் அடிக்கட்டும். அட்டையைக் கழற்றாமல் பையை இருந்த இடத்திலேயே வை பிள்ளை.